பச்சிளங் குழந்தையின் கண்ணழற்சியும் பற்றீரியாக்களும்

பிறந்து 28 நாட்களுக்குள் குழந்தையின் கண்ணில் ஏற்படும் அழற்சி பச்சிளங் குழந்தைக் கண்ணழற்சி எனப்படும். இமையின் உட்புறத்தையும் கண்ணின் வெண்பகுதியையும் மூடியுள்ள மெல்லிய படையான பிணிக்கை இதனாற் பாதிக்கப்படும். கண் சிவக்கும்; இமை வீங்கும்; சீழ் வடியும்.

தாயின் பிறப்பு வழியில் பற்றீரியாத் தொற்று இருப்பின், பிரசவத்தின்போது அது குழந்தையின் கண்ணை அடையும். தாய்க்கு நோயறிகுறி எதுவும் இல்லாதிருக்கலாம் என்பதைக் கவனிக்க.

பிரதான நோயாக்கிகள்

1. நைசீரியா கொனோரியே: கொனோரியாவை ஏற்படுத்தும் பற்றீரியா. பிறந்து 2 – 5 நாட்களில் அறிகுறி தோன்றும். சீழ் மிக அதிகமாக வடியும். விழிவெண்படலத்தை ஒரே நாளிற்கூடத் துளைத்துப் பார்வையைப் பறிக்கக்கூடியது.

2. கிளமிடியா திரக்கோமற்றிசு: பொதுவாக 5 – 14 நாட்களில் தோன்றும். நுரையீரலைத் தாக்கி நியூமோனியாவையும் உண்டாக்கலாம்.

3. ஸ்டபிலோகொக்கசு ஓரியசு போன்றவை: பிறந்த பின்னர் அசுத்தமான கை, துணி மூலமும் தொற்றலாம்.

முதலிரண்டுக்கும் கண்ணில் இடும் மருந்து மட்டும் போதாது. முதலாவதற்கு ஊசி மூலமும் இரண்டாவதற்கு வாய்வழியாகவும் நுண்ணுயிர்கொல்லி வழங்கப்படும். தாயும் தந்தையும் சிகிச்சை பெறுதல் அவசியம்.

வரலாறு

கொனோரியாப் பற்றீரியாவை 1879 இல் அல்பேட் நைசர் கண்டறிந்தார். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேற்று வைத்தியரான கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளிநைத்திரேற்றுக் கரைசலை இட்டார். 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்கு ஏற்பட்ட நோய் 1 இலும் குறைந்தது. இம்முறையை அவர் 1881 இல் வெளியிட்டார். அக்கரைசல் கண்ணை உறுத்துவதால், இன்று தடுப்புமருந்து இடும் நாடுகள் பலவற்றில் நுண்ணுயிர்கொல்லிக் களிம்பே பயன்படுகின்றது.

எமது தோட்டங்களில்

மலையகத் தோட்டங்களில் குழந்தையின் கண்ணிற் பீளை கண்டால் தாய்ப்பாலைச் சொட்டாக விடுவோர் உளர். தாய்ப்பால் குழந்தைக்கு மிகச் சிறந்த உணவு. ஆனால் இந்நோய்க்கு மருந்தன்று. "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்தால் ஓர் இரவிலேயே கண் கெடலாம். எனவே தோட்டத்திற்கு வரும் குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவிக்க. அவர் வரும்வரை காத்திராது, அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. ஹற்றன் பகுதியில் டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலையும் உள்ளன. லயனிலிருந்து செல்ல வாகனம் கிடைக்காவிடின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சீழின்றி, கண் சிவக்காது, நீர் மட்டும் வடிவது கண்ணீர்க் கான் அடைப்பாகவும் இருக்கலாம். அதனை வேறுபடுத்தி அறிய வேண்டியவர் வைத்தியரே.

மாதிரி வினா

பிறந்து 3 ஆம் நாளில் ஒரு குழந்தையின் கண்களில் சீழ் பெருமளவில் வடிகிறது. (அ) முதலிற் சந்தேகிக்க வேண்டிய பற்றீரியா யாது? (ஆ) சிகிச்சையைத் தாமதித்தால் பாதிக்கப்படும் கண்ணின் பகுதி யாது?

விடை: (அ) நைசீரியா கொனோரியே (ஆ) விழிவெண்படலம்