மொத்தமாகவா, மாதத் தவணையிலா: ஒரு போனுக்கு நாம் உண்மையில் கொடுக்கும் விலை

கைபேசிக் கடைக்குள் நுழைந்தால், போன்களை அடுக்கி வைத்த கண்ணாடி மேசைகளைத் தாண்டி ஓரத்தில் ஒரு சின்ன மேசை இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் கடை ஊழியர் அல்லர். கடன் கொடுக்கும் நிதி நிறுவனத்தின் ஆள். பான் எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கையிலுள்ள டேப்லெட்டில் தட்டுவார். "அண்ணே, ஒரு ஓடிபி வரும், பார்த்துச் சொல்லுங்க" என்பார். சொல்வோம். சற்று நேரத்தில் இன்னொன்று வரும், பிறகு மற்றொன்று. முதலாவது, ஆதாரைச் சரிபார்க்க. அடுத்தது, கடன் ஒப்பந்தத்துக்கு நாம் கொடுக்கும் சம்மதம். இன்னொன்று, மாதாமாதம் நம் கணக்கிலிருந்து பணத்தை அந்த நிறுவனமே எடுத்துக்கொள்ள நாம் தரும் அனுமதி. வாயால் சொன்ன எண்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கையெழுத்து. கால்மணி, அரைமணி நேரத்தில் போன் கைக்கு வந்துவிடுகிறது. எதில் கையெழுத்திட்டோம் என்று படித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

அந்த மேசைக்குப் போவதா, நேராக பில் கவுன்டருக்குப் போய் முழுப் பணத்தையும் கட்டிவிடுவதா? "வட்டியே கிடையாது என்கிறார்கள், தவணையில் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் தவணை எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. கையில் பணத்தை வைத்துக்கொண்டே தவணை எடுப்பவருக்கு அது மலிவாக அமைகிறது. பணம் இல்லாததாலேயே தவணைக்குப் போகிறவருக்குத்தான் விலை ஏறுகிறது. இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்ப்போம். 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பூஜ்ஜிய வட்டி என்று உண்மையில் எதுவும் கிடையாது, வட்டியைப் பிராசஸிங் கட்டணத்துக்குள் மறைத்து வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்கள் என்று அதில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. இன்று விளம்பரங்களில் நாம் பார்ப்பது 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பெயரை. கடன் கொடுப்பவர் வட்டியை விட்டுக்கொடுப்பதில்லை. போன் தயாரிக்கும் நிறுவனமோ கடைக்காரரோ அந்த வட்டியைத் தள்ளுபடியாகத் தம் கையிலிருந்து கட்டுகிறார். அதாவது நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு தள்ளுபடி கடன் கொடுப்பவருக்குப் போகிறது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தவணை வேண்டாம், முழுசாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?"

போனின் விலை 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைகளில் '12/4' என்று ஒரு திட்டம் சொல்வார்கள். மொத்தம் 12 தவணை. அதில் நான்கை இன்றே முன்பணமாகக் கட்டிவிட வேண்டும். மாதம் 2,000 ரூபாய் வீதம் இன்று 8,000, மீதி எட்டு மாதங்களில் 16,000. பிராசஸிங் கட்டணம் வரியோடு 999 ரூபாய் என்போம். வட்டி என்ற பெயரில் ஒரு பைசா இல்லை. ஆனால் நமக்குக் கிடைத்த கடன் 24,000 அல்ல, 16,000தான். அதிலும் 999 ரூபாய் இன்றே கையைவிட்டுப் போவதால், உண்மையில் கிடைத்தது 15,001. அதற்காக எட்டு மாதத்தில் 16,000 கட்டுகிறோம். குறைந்துகொண்டே வரும் அசலின் மேல் ஆண்டு வட்டியாக்கினால் இது சுமார் 17.5 விழுக்காடு.

அதோடு முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் அதே போனுக்கு முழுத் தொகையையும் யுபிஐ-யில் கட்டுவதாகச் சொல்லி, பேரம் பேசி 1,500 ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டு போகிறார் என்றால், அந்த 1,500-ம் தவணைக்காரரின் செலவுக் கணக்கில்தான் சேரும். இப்போது அவர் 13,501 ரூபாய்க்காக 16,000 கட்டுகிறார். ஆண்டு வட்டி சுமார் 47 விழுக்காடு. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் விழும் வட்டிக்கு நிகரான வட்டி இது, 'செலவே இல்லை' என்ற பலகையின் கீழ்.

வட்டி உண்டு என்று சொல்லியே கொடுக்கும் கடன்களிலும் ஒரு வலை இருக்கிறது. "வருஷத்துக்கு 12 பர்சென்ட்தான் சார்" என்றால், அது 'ஃபிளாட்' வட்டியா என்று கேளுங்கள். ஒரு வருடத்தில் கட்டி முடிக்கும் 24,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு ஃபிளாட் என்றால் வட்டி 2,880, மாதத் தவணை 2,240. ஆறு மாதம் கட்டி அசலில் ஏறக்குறைய பாதியை அடைத்த பிறகும், முழு 24,000-க்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. உண்மையான ஆண்டு வட்டி சுமார் 21.5 விழுக்காடு.

இனி கையில் பணம் இருப்பவரின் பக்கம் வருவோம். கிரெடிட் கார்டு வைத்திருக்கும் ஒருவர் 30,000 ரூபாய் போனை இணையக் கடையில் ஆறு மாத நோ காஸ்ட் தவணையில் எடுக்கிறார். வங்கியின் வட்டி 15 விழுக்காடு என்றால், ஆறு மாத வட்டியான சுமார் 1,270 ரூபாயை விலையில் முன்கூட்டியே கழித்துவிடுவார்கள். பிறகு வங்கி அதே 1,270-ஐத் தவணைகளில் வசூலிக்கும். சரிக்குச் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் கார்டுத் தவணையின் வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 229 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக மொத்தம் 464 ரூபாய் கூடுதல். இதற்கிடையில் அவருடைய 30,000 ரூபாய் ஆறு விழுக்காடு தரும் வைப்புத் தொகையில் இருந்து, மாதம் ஐயாயிரமாகக் குறைந்து வந்தால், ஏறக்குறைய 500 ரூபாய் வட்டி ஈட்டியிருக்கும். கிட்டத்தட்டச் சமம். முழுத் தொகைக்குத் தனித் தள்ளுபடி எதுவும் இல்லையென்றால், இவர் எந்த வழியில் போனாலும் பாதகமில்லை. கடன் தேவையில்லாதவருக்குத்தான் கடன் மலிவு. இது எனக்கு மிகவும் உறுத்தலாக இருக்கும் இடம்.

எளிய மக்களுக்கென்றே வந்த போன் ஒன்றிலும் இதைப் பார்த்தோம். 2021 தீபாவளிக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்டின் விலை 6,499 ரூபாய். தவணையில் எடுப்பவர் 1,999 முன்பணம் கட்டினால் போதும் என்றார்கள். ஆனால் பிராசஸிங் கட்டணம் 501 ரூபாய். பாக்கி 4,500 ரூபாய்க் கடனுக்கு இந்தக் கட்டணம் மட்டுமே 11 விழுக்காட்டுக்கு மேல். மாதத் தவணையோடு டேட்டாவும் பேச்சு நேரமும் சேர்ந்தே வந்ததால், போனுக்கு எவ்வளவு, ரீசார்ஜுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதும் எளிதாக இல்லை. கடன் தொகை சிறியதாக ஆக, நிலையான கட்டணம் அதில் பெரிய பங்காகிவிடும். பத்தாயிரம் ரூபாய் போனுக்கும் ஒரு லட்ச ரூபாய் போனுக்கும் ஒரே பிராசஸிங் கட்டணம் என்றால், அடி யார் மேல் விழுகிறது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் பலரைக் கீழே தள்ளுவது வட்டிகூட அல்ல, பவுன்ஸ். தவணை தேதி ஐந்து, சம்பளம் வருவது ஏழு என்றால், அந்த இரண்டு நாள் இடைவெளிக்கு இரண்டு இடங்களில் அபராதம் கட்ட வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் ஒரு கட்டணம் போடும். கணக்கில் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பிய நம் வங்கியும் வரியோடு ஒரு கட்டணம் எடுக்கும். நிறுவனம் அதே மாதத்தில் மறுபடி முயன்று மறுபடி திரும்பினால், வங்கிக் கட்டணம் மறுபடியும். இரண்டாயிரம் ரூபாய் டியூவுக்கு இப்படி ஆயிரம் ரூபாய் வரை கரைவது அதிசயமில்லை. சம்பள நாளுக்குப் பின்னால் தவணை தேதி வருமாறு கேட்டு வாங்குவது, பத்து ரூபாய் வட்டியைக் குறைப்பதைவிட முக்கியம். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 2007-ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா, தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி, கணக்கில் பணம் இல்லாமல் இந்தத் தானியங்கிப் பிடித்தம் திரும்புவது, செக் திரும்புவதைப் போலவே குற்ற வழக்காகலாம். நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் கட்டிவிட்டால் அது தீர்ந்துவிடும். எனவே அப்படி ஒரு கடிதம் வந்தால் ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

கட்டத் தவறியவரிடம் வசூலிக்க வருபவர்களுக்கும் எல்லை உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி திரும்ப வலியுறுத்திய விதி. கட்டாதவரின் போனைத் தொலைவிலிருந்தே பூட்டிவிடும் செயலியைப் பதித்துக் கொடுக்கும் வழக்கமும் இங்கே இருந்திருக்கிறது. இதற்கு அனுமதி அளிப்பது பற்றி ரிசர்வ் வங்கி ஆராய்ந்து வருவதாக 2025-இல் செய்திகள் வந்தன. வங்கிப் பரிமாற்றம், பிள்ளைகளின் பாடம், வேலை எல்லாம் அந்த ஒரு திரைக்குள் இருக்கும்போது, போனைப் பூட்டினால் டியூ கட்டச் சம்பாதிக்கும் வழியையும் சேர்த்தே பூட்டியதாகும். அப்படி ஒரு அனுமதியை நான் எந்த நிபந்தனையோடும் ஏற்க மாட்டேன்.

அப்படியானால் தவணையே கூடாதா? நிச்சயம் அப்படிச் சொல்லவில்லை. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையிலோ பைக் டாக்ஸியிலோ இருக்கும் ஒரு தம்பியின் போன் உடைந்தால், அன்றே அவர் வருமானம் நின்றுவிடும். சேர்த்து வைத்து வாங்குகிறேன் என்று மூன்று மாதம் காத்திருக்க அவரால் முடியாது. 999 ரூபாய் கட்டணத்தைச் சில நாள் உழைப்பிலேயே எடுத்துவிடுவார். அவருக்குத் தவணை சரியான வழி. வேலைக்குப் போதுமான போனைத் தேர்ந்து, கட்ட முடிகிற அளவில் குறைந்த மாதங்களை எடுத்தால் போதும். எனக்குக் கவலை வேறொருவரைப் பற்றி. 12,000 ரூபாய் போன் வாங்க வந்து, "மாசம் ஆயிரம்தான் கூட ஆகும், அக்கா" என்ற ஒரு வார்த்தையில் 24,000 ரூபாய் போனோடு திரும்புகிறவர். அவர் இழந்தது வட்டி மட்டும் அல்ல, 12,000 ரூபாயும்தான். விலையை மாதக் கணக்கில் பேசத் தொடங்கியதுமே மொத்தத் தொகை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. போனைப் பார்க்கும் முன்பே தொகையை முடிவு செய்துகொண்டு போவது இதற்காகத்தான்.

முழுப் பணம் கட்டுபவருக்கும் ஒரு எச்சரிக்கை: "பில் இல்லாமல் இன்னும் குறைக்கிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பில் இல்லையென்றால் வாரன்டி கேட்கவும், போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுக்கவும் திணற வேண்டிவரும். வீட்டின் அவசரச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை வழித்துக் கொடுத்து வாங்குவதும் வேண்டாம். அடுத்த வாரம் மருத்துவமனைக்கு ஓட வேண்டி வந்தால், இதைவிடப் பெரிய வட்டிக்குக் கை நீட்ட வேண்டியிருக்கும்.

தவணைதான் என்று முடிவானால், ஓடிபி சொல்வதற்கு முன் ஒரு தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்களைத் தொகுத்த அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேஎஃப்எஸ் என்பார்கள். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த உண்மையான ஆண்டு வீதம் ஏபிஆர் என்ற பெயரில் அதில் இருக்கும். முன்கூட்டியே கடனை அடைத்தால் என்ன கட்டணம் என்பதும் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே கேட்கலாம். கேட்காமலே சேர்த்துவிட்ட திரைக் காப்பீடும் நீட்டித்த வாரன்டியும் வெளிப்படுவது பெரும்பாலும் இந்தத் தாளில்தான். வேண்டாம் என்றால் அங்கேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். பிறகு பிரச்சினை வந்து, நிறுவனத்துக்கு எழுதி 30 நாளாகியும் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

கடைசித் தவணை போனதும் வேலை முடிந்துவிடவில்லை. எப்போதோ விழுந்த ஒரு பவுன்ஸ் கட்டணம், முந்நூறோ ஐந்நூறோ, கட்டப்படாமல் நின்றிருந்தால் கடன் கணக்கு மூடாமலே கிடக்கும். நான்கு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் கல்விக் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் அது சிபிலில் தலைகாட்டும். கடன் முடிந்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடைசி டியூ கட்டிய இரண்டாவது மாதம் அதை எடுத்து, அந்தக் கடனுக்கு நேரே 'முடிக்கப்பட்டது' என்றும் பாக்கி பூஜ்ஜியம் என்றும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.