கைப்பேசிக் கடனும் குடும்ப மானமும்

 

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்த நேரம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். கையில் மகனுடைய கைப்பேசி. "பாய், என் மவன் கடன்தான் வாங்குனான், திருடல. ஆனா இதப் பாருங்க" என்று நீட்டினார். மகனின் முகத்தை ஓர் ஆபாசப் படத்தோடு ஒட்டி, கீழே 'மோசடிக்காரன்' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் படம் உறவினர்கள், உடன் வேலை செய்பவர்கள், அவனுக்குச் சம்பந்தம் பேசியிருந்த வீட்டார் என நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் இரண்டு நாட்களாக அறையை விட்டு வெளியே வரவில்லை. தாய் இரவெல்லாம் அந்தக் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குடும்பத்தின் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறோம். இதே வலை நம் வீட்டுப் பிள்ளைகளின் கைகளிலும் இருக்கிறது என்பதால், அது எப்படி விரிக்கப்படுகிறது, அதைத் தடுக்க என்ன சட்டம் இருக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை விளக்குவது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

கணக்கைப் பாருங்கள்

அந்த இளைஞர் 'லோன் ஆப்' ஒன்றில் கேட்டது 5,000 ரூபாய். 'செயலாக்கக் கட்டணம்' என்று 1,750 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 3,250 ரூபாயை மட்டும் அனுப்பினார்கள். ஏழாம் நாள் 5,000 ரூபாயாகத் திருப்பித் தர வேண்டும். அதாவது ஒரு வாரத்துக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 54 ரூபாய். வட்டிக்கு வட்டி சேர்க்காமல் பார்த்தாலும் ஆண்டுக்கு 2,800 சதவீதம். 'கட்டணம்' என்று பெயர் மாற்றிவிட்டால் வட்டி வட்டியில்லாமல் ஆகிவிடாது. பழைய மீட்டர் வட்டிக்காரர்கூட இப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

ஏழாம் நாள் பணம் இல்லை. அதே செயலி இன்னொரு செயலியைக் காட்டியது. அதில் வாங்கி இதை அடைத்தார். அடுத்த வாரம் மூன்றாவது. இரண்டு மாதத்தில் பதினொரு செயலிகள்.

வீட்டுச் சாவியை நாமே கொடுக்கிறோம்

செயலியைப் பதிவிறக்கியதும் அது சில அனுமதிகளைக் கேட்கும்: தொடர்பு எண்கள், புகைப்படங்கள், இருப்பிடம், கேமரா. அவசரத்தில் இருப்பவர் எதையும் படிக்காமல் 'அனுமதி' என்று தொட்டுவிடுகிறார். அந்த நொடியிலேயே கைப்பேசியில் உள்ள எண்கள் அனைத்தும் கடன் கொடுப்பவரின் கணினிக்குப் போய்விடுகின்றன. நகை, பத்திரம் எதையும் அவர்கள் அடகு கேட்பதில்லை. அவர்கள் அடகு பிடிப்பது நம் மானத்தை. அதிலும் நாம் மட்டுமல்ல, நம் கைப்பேசியில் எண் பதிந்திருக்கும் மாமி, மச்சான், மதரஸா உஸ்தாத் எல்லோருமே அவர்களைக் கேட்காமலே இதில் இழுக்கப்படுகிறார்கள். பிறருடைய எண் நம்மிடம் இருப்பது ஓர் அமானத் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கொடுமைகள் பெருகியபோது ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் அது ஆராய்ந்தபோது, 80க்கும் மேற்பட்ட செயலிக் கடைகளில் ஏறத்தாழ 1,100 கடன் செயலிகள் இருந்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. அதன்பின் 2022 செப்டம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025 மே மாதத்தில் அவை விரிவான விதிகளாகத் தொகுக்கப்பட்டன. குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. வங்கியோ ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமோதான் கடன் கொடுக்க வேண்டும். செயலி வெறும் இடைத்தரகர். கடன் தருபவர் யார் என்பதை அது சொல்லியாக வேண்டும்.

2. கடன் தொகை வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். தவணையும் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணுக்குக் கட்டச் சொன்னால் அதுவே அபாய அறிகுறி.

3. கையெழுத்துக்கு முன்பே, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் விவர அறிக்கையைத் தர வேண்டும்.

4. தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், புகைப்படங்கள் ஆகியவற்றைச் செயலி தொடக் கூடாது. கேமரா, இருப்பிடம் போன்றவற்றை அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரு முறை மட்டும், நம் சம்மதத்தோடு பயன்படுத்தலாம்.

5. மனம் மாறினால், குறிப்பிட்ட நாட்களுக்குள் அசலையும் அந்த நாட்களுக்குரிய தொகையையும் செலுத்தி, அபராதமின்றிக் கடனிலிருந்து விலகலாம். இந்த அவகாசம் குறைந்தது ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

6. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. மிரட்டுவதும் உறவினர் முன் அவமானப்படுத்துவதும் எந்த நேரத்திலும் கூடாது.

2025 ஜூலை 1 முதல், பதிவு பெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025இல் தனிச் சட்டம் இயற்றியது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதலே நடைமுறையில் உள்ளது.

அப்படியானால் ஏன் நிற்கவில்லை?

நியாயமான கேள்வி. இந்த விதிகள் பதிவு பெற்றவர்களைக் கட்டுப்படுத்தும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் இணைப்பைத் தொட்டு, 'ஏபிகே' கோப்பாக இறக்கும் செயலிக்குப் பதிவும் இல்லை, முகவரியும் இல்லை. ஒன்றை நீக்கினால் வேறு பெயரில் மறுநாள் வந்துவிடும். அறிந்த வங்கியின் பெயரையும் சின்னத்தையும் திருடிக்கொண்டு வருவதும் உண்டு. ஆகவே, செயலியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அங்கே குறிப்பிட்ட நிறுவனத்தின் இணையதளத்திலும் அதே செயலி இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சட்டம் நம்மை மிரட்டலிலிருந்து பாதுகாக்கிறது; கடனிலிருந்து விடுவிப்பதில்லை. பதிவு பெற்ற நிறுவனத்தில் வாங்கிய கடன் நம் மீது உள்ள பொறுப்புதான். பட்டியலில் இருப்பதால் அதன் வட்டி மார்க்கத்தில் ஆகுமானதாகிவிடும் என்றும் யாரும் எண்ண வேண்டாம்.

மிரட்டல் வந்தால்

முதலில் வீட்டாரிடம் சொல்லுங்கள். இரவு தனியாக அதைச் சுமக்காதீர்கள். பயந்து பணம் அனுப்பாதீர்கள்; ஒரு முறை அனுப்பினால் மறுநாள் கூடுதலாகக் கேட்பார்கள். செய்திகள், எண்கள், பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகே செயலியை நீக்குங்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவை அழையுங்கள்; மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். ஆபாசப் படம் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி குற்றம். பதிவு பெற்ற நிறுவனம் என்றால், முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாட்களில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம்.

உங்கள் கைப்பேசிக்கு அப்படி ஒரு படம் வந்தால்?

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி. அந்தக் கும்பலிடம் அடியாட்கள் இல்லை. நாம் பார்ப்போம், பேசுவோம், பகிர்வோம் என்ற நம்பிக்கைதான் அவர்களுடைய ஆயுதம். நாம் பேசாவிட்டால் அந்த ஆயுதம் பயனற்றுப் போகும். ஆகவே யாருக்கும் அனுப்பாதீர்கள். "இது உண்மையா?" என்று குழுவில் கேட்காதீர்கள். அந்தக் குடும்பத்தில் பொறுப்பான ஒருவரை மட்டும் தனியே அழைத்து, "இப்படி ஒன்று வந்தது, நாங்கள் நம்பவில்லை, என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். அந்த இளைஞருக்குச் சம்பந்தம் பேசியிருந்த வீட்டுப் பெரியவர் அதைத்தான் செய்தார். நேரில் வந்து, கதவைத் தட்டி, அவனை மக்ரிபுக்குத் தம்மோடு பள்ளிக்கு அழைத்துப் போனார். இரண்டு நாட்களுக்குப் பிறகு அவன் வெளியே வந்தது அப்போதுதான். அல்லாஹ் அந்தப் பெரியவருக்கு நற்கூலி வழங்குவானாக.

எங்கள் பக்கத்துத் தவறு

அந்தத் தாயிடம், "முதலிலேயே எங்களிடம் வந்திருக்கலாமே" என்றோம். அவர் தயங்கிச் சொன்னார்: "வந்தான் பாய். பாரம் கொடுத்தீங்க. ரெண்டு ஜாமீன் கேட்டீங்க. கமிட்டி கூட மூணு வாரம் ஆகும்னீங்க." பதிவேட்டைப் பார்த்தோம். உண்மைதான். பைக் பழுதாகி வேலைக்குப் போக முடியாமல் அவர் எங்களிடம் கேட்டதும் அதே 5,000 ரூபாய்தான். செயலி ஐந்து நிமிடத்தில் கொடுத்தது. வட்டி ஹராம் என்று பேசும் நாம், வட்டியில்லாக் கடனை எட்டாத உயரத்தில் வைத்திருந்தோம்.

ஆகவே நிர்வாகக் குழு கூடி ஒரு முடிவு எடுத்தது. 10,000 ரூபாய் வரையிலான அவசரக் கடனுக்கு இனி ஒரு ஜாமீன் போதும். செயலாளரும் பொருளாளரும் இரண்டு நாட்களுக்குள் முடிவு செய்வார்கள். விண்ணப்பித்தவரின் பெயர் அவர்கள் இருவரைத் தாண்டிப் போகாது. வாங்கிய தொகையும் தவணையும் எழுத்தில் இருக்கும்; கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் குர்ஆன் வசனமே அதன் வசனங்களில் மிக நீளமானது என்பதை நாம் அறிவோம். வாங்கியவர் தவணை தவறாமல் கட்டினால்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். வசதி உள்ளவர்கள் இந்த நிதிக்கு உதவ வேண்டுகிறோம்.

செயலிகளின் வலையில் ஏற்கனவே சிக்கியவர்களும் தயங்காமல் வாருங்கள். புகார் எழுத நாங்கள் உதவுவோம், இன்ஷா அல்லாஹ். "ஏன் வாங்கினாய்?" என்ற கேள்வியோடு யாரையும் வரவேற்க மாட்டோம்.

அல்லாஹ் நம் அனைவரையும் கடனின் சுமையிலிருந்தும் மனிதர்களின் கொடுமையிலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.

— செயலாளர், நிர்வாகக் குழுவுக்காக