வாழைக்கன்றின் செயற்கைப் பகல்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் கதிரவன் வாழைக்குக் குறை வைப்பதில்லை. ஆயினும் இன்று உழவர் நடும் திசு வளர்ப்புக் கன்றுகள் தம் இளமையின் தொடக்கத்தைக் கதிரொளி காணாமலே கழிக்கின்றன. 1993-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுத் துறைகளுள் இத்திசு வளர்ப்பும் ஒன்று. பக்கக்கன்றின் குருத்து நுனியை நுண்ணுயிர் நீக்கி எடுத்து, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கூழில் ஊன்றிக் குடுவைக்குள் வளர்க்கிறார்கள். அறையின் வெப்பம் 25 பாகை செல்சியசு அளவில் நிற்க வேண்டும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஒளி, 8 மணி நேரம் இருள் என்பது பெருவழக்கு.

அந்தப் பகலையும் இரவையும் வகுப்பது சுவரில் பொருத்திய, நேரம் பார்த்து ஆணையிடும் டைமர் அடங்கிய ஒரு மின்கட்டுப்பாட்டுப் பெட்டி. சிறிய அறை அமைத்துச் செடி வளர்ப்போர் பலர் இதைத் தாமே செய்துகொள்ள முனைகின்றனர். அம்முயற்சி போற்றத்தக்கது. ஆனால் பெட்டி எப்படி வேலை செய்யும் என்பதைவிட, எப்படிப் பழுதாகும் என்பதையே முதலில் எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நூறு விளக்குகள், ஒவ்வொன்றும் 20 வாட் எனக் கொள்வோம். மொத்தம் 2000 வாட். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். டைமரின் ஆணைப்படி விளக்குகளை இணைத்துத் துண்டிக்க, 10 ஆம்பியர் எனப் பொறித்த சிறு ரிலே போதும் என்று தோன்றும். போதாது. எல்.இ.டி. விளக்கின் மின்வழங்கியில் மின்தேக்கி உண்டு. இயக்கிய நொடியில் அது வெறுமையாக இருப்பதால் மின்னோட்டத்தை வெள்ளமென இழுக்கும். மாறுமின்னழுத்தம் உச்சத்தில், அதாவது 325 வோல்ட்டில், இருக்கும் கணத்தில் இணைப்பு நேர்ந்தால் அவ்விழுப்பு பன்மடங்காகும். ரிலேயின் தொடுமுனைகளுக்கு இடையே பொறி பறக்கும்; உலோகம் உருகும்; முனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு டைமர் எவ்வளவு ஆணையிட்டாலும் விளக்கு அணையாது.

ஆகவே விளக்குச் சுமையைப் பெரிய மின்காந்த விசையான காண்டாக்டரே தாங்க வேண்டும். டைமர் அதன் கம்பிச்சுருளுக்கு மட்டும் மின்சாரம் அனுப்பட்டும். சுருளில் மின்சாரம் நின்றால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் முனைகளைப் பிரித்துவிடும். இங்கேதான் ஓர் அழகான வாய்ப்பு இருக்கிறது. டைமரிலிருந்து சுருளுக்குச் செல்லும் கம்பியின் இடையில் ஒரு வெப்பக் கட்டுப்படுத்தியைத் தொடராக இணைத்துவிடலாம். திருச்சியின் சித்திரை வெயிலில் குளிரூட்டி நின்றுபோனால், விளக்கின் வெப்பமே அறையைச் சுட்டுவிடும். மூடிய குடுவைக்குள் வெப்பம் அறையைவிடவும் ஏறும். வைத்த எல்லையைத் தாண்டியதும் கட்டுப்படுத்தி சுருளின் மின்சாரத்தைத் துண்டிக்கும்; விளக்குகள் அணையும். கம்பி அறுந்தாலும் இதுவே நிகழும். கூழில் சர்க்கரை இருப்பதால் ஒருநாள் இருளைக் கன்று தாங்கிக்கொள்ளும்; கடும் வெப்பத்தைத் தாங்காது. முனைகள் ஒட்டிக்கொண்டால் இக்காவலும் பயன்படாது என்பதால், எல்.இ.டி. சுமைக்கு ஏற்ற காண்டாக்டரைக் கணக்கிட்டுத் தேர்வது தவிர்க்க முடியாதது. விளக்குத் தட்டுகளைச் சில நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கினால் முனைகளின் சுமை மேலும் தணியும்.

மின்வெட்டுக்குப் பின் டைமர் நேரத்தை மறந்துவிடாதிருக்க உள்ளே மின்கலம் வேண்டும்.

மனித உயிருக்கான காப்பு தனி. ஈரமான தரையில் இரும்புத் தட்டுகள் நிற்கும் அறை இது. தட்டுகள் அனைத்தும் புவி இணைப்புக் கம்பியோடு பிணைக்கப்பட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வேண்டும். அது போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டதும் இணைப்பை வெட்டுகிறது. எம்.சி.பி. இவ்வேலையைச் செய்யாது, அது மிகைச்சுமையையும் குறுக்குச்சுற்றையும் மட்டுமே அறியும். பழைய சோடியம் ஆவி விளக்காயின் அச்சம் இன்னும் பெரிது. அதை ஏற்றிவைக்கும் இக்னைட்டர் சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளை எழுப்புகிறது.

பெட்டியின் இறுதி இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யட்டும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை விளக்குகள் அணைந்திருக்கும் வேளையில் அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் விசை கீழே விழாவிட்டால், அன்றே அதை மாற்றிவிட்டுத்தான் விளக்கை ஏற்ற வேண்டும்.