டாக்டர் யாரிடம் பேசுகிறார்?

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்கிறார். நாற்காலியில் இருக்கும் அம்மா வாயைத் திறப்பதற்குள், பின்னால் நிற்கும் மகன் முந்திக்கொள்கிறார்: "போடுறாங்க சார், ஆனா வாயைக் கட்ட மாட்டேங்கறாங்க." அதற்குப் பிறகு பேச்செல்லாம் டாக்டருக்கும் மகனுக்கும் நடுவில்தான். ஒரு மாத்திரை மாறுகிறது, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதப்படுகிறது, அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள். வெளியே வந்ததும் அம்மா கேட்கிறார்: "என்னப்பா சொன்னாரு?"

மதுரையோ நாகர்கோவிலோ, அரசு ஆஸ்பத்திரியோ தனியார் கிளினிக்கோ, எந்த ஓ.பி.யிலும் காணக் கிடைக்கும் காட்சி இது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மகன் லீவு போட்டுவிட்டு அக்கறையோடு வந்திருக்கிறார். டாக்டருக்கு வெளியே ஒரு பெரிய வரிசை காத்திருக்கிறது. ஆனாலும் நோய் யாருக்கோ, அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பேசி முடித்துவிடுகிறார்கள்.

நேரமில்லை என்பார்கள் டாக்டர்கள். பொய் இல்லை. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆரம்ப சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஸ்வீடனில் சராசரியாக 22 நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் இரண்டு நிமிடத்தை ஒட்டி.

நோயாளியைப் பேசவிட்டால் நிறுத்தவே மாட்டார் என்ற பயமும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளி தானாக நிறுத்தும் வரை குறுக்கே பேசக் கூடாது என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டு, நேரத்தைக் குறித்தார்கள். 2002-ல் வெளியான முடிவு: 335 பேரின் சராசரி 92 விநாடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். நம்மவர்கள் மருமகள் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள் என்று இன்னொரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். இருக்கும் இரண்டு நிமிடமும் கேட்பதற்கே போய்விட்டால் மருந்து எழுதுவது எப்போது என்று டாக்டர் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், கேட்காமல் விடுவதற்கும் ஒரு செலவு இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

மெட்ஃபார்மினையே பார்ப்போம். சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படும் மாத்திரை. ஆரம்பத்தில் சிலருக்கு வயிற்றைப் புரட்டும், பேதியாகும். குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இதை யாரும் சொல்லாத ஒரு பாட்டி என்ன செய்வார்? பஸ்ஸில் வெளியூர் போகும் நாளில் மாத்திரையை விடுவார். பிறகு பாதி நாள் விடுவார். திட்டுவாரோ என்று டாக்டரிடம் மூச்சு விட மாட்டார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி கூடியிருப்பதைப் பார்த்து, மருந்து போதவில்லை என்று டாக்டர் கிளிமிபிரைடையும் சேர்ப்பார். இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. போட்டுவிட்டு வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது. பாட்டிக்கோ வெள்ளிக்கிழமை விரதம். மகன் போட்ட சத்தத்துக்குப் பயந்து மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் போனால், பதினோரு மணிக்குக் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, பிராகாரத்தில் சாய்ந்துவிடுவார். லோ சுகர். ஆட்டோ, கேஷுவாலிட்டி, குளுக்கோஸ் பாட்டில், அட்மிஷன். "மாத்திரை ஒத்துக்குதா? விரதம் இருப்பீங்களா?" என்று கேட்டிருந்தால் பத்து விநாடி ஆகியிருக்கும்.

கேட்பதில் இப்படி என்றால், சொல்வதிலும் கோளாறு உண்டு. மருந்து கவுண்டரில் காகித உறையின் மேல் 1-0-1 என்று பேனாவால் எழுதித் தருகிறார்கள். அந்த நடுச் சைபர் மதியம் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். வாங்குகிற பலருக்கு மாத்திரை என்றால் நிறம்தான்: வெள்ளை பெருசு, ரோஸ் சின்னது. அடுத்த மாதம் கம்பெனி மாறி ரோஸ் மஞ்சளாகிவிட்டால், புது மருந்து என்று நினைத்து மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "சரிங்க டாக்டர்" என்றுதான் பதில் வரும். நம் ஊரில் அது மரியாதைக்குச் சொல்வது. அதற்குப் பதிலாக, "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போய் எது எதை எப்பப் போடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்டுப் பார்க்கலாம். பரீட்சை வைப்பது போலில்லாமல், சொன்னவர் தன் மேல் பொறுப்பைப் போட்டுக்கொண்டு கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. மறதியோ தவறாகப் புரிந்துகொண்டதோ அந்த இடத்திலேயே வெளிவந்துவிடும்.

அடுத்தது கையெழுத்து. ஆபரேஷனுக்கு முன்னால் நீட்டப்படும் படிவத்தில், நோயாளி முழு நினைவோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே, கணவரிடமோ மகனிடமோ பேனாவைக் கொடுக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதில் தெளிவாகப் பேசிவிட்டது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி செய்துகொள்ள ஒப்புக்கொண்டார். மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் எதுவும் இல்லை. மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆபரேஷன் கட்டணம் கிடையாது என்பதோடு 25,000 ரூபாய் இழப்பீடும் விதித்தது. இழந்ததற்கு முன்னால் அது ஒரு தொகையே இல்லை. தீர்ப்பு நிலைநாட்டிய கொள்கை பெரிது.

அதற்காகக் குடும்பத்தை வெளியே நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் சொல்லும் நான்கு கூறுகளில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் இடம் உண்டு. முதல் இடம் மட்டும் நோயாளிக்கு. "அவருக்குச் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று புற்றுநோயை மறைக்கும் வீடுகளில் இந்த வரிசைதான் குலைகிறது. ஆஸ்பத்திரி வாசல் பலகையை அவரும் படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். எல்லா விவரத்தையும் அவர் தலையில் கொட்ட வேண்டியதில்லை. "எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" என்று கேட்கலாம். "எல்லாம் பையன் பார்த்துக்குவான்" என்று அவரே சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான்.

டாக்டரே எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்பதும் இல்லை. மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரை ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் நோயாளி அடுத்து உட்காருவது ஆலோசகர் முன்னால். என்ன செய்யப் போகிறார்கள், எந்த லென்ஸுக்கு எவ்வளவு, எப்போது வர வேண்டும் என்று நிதானமாகப் பேசுவதுதான் அவர்கள் வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். விரதத்தைப் பற்றியும், பாதியில் விட்ட மாத்திரையைப் பற்றியும் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மாத்திரையைக் கொடுத்துக் கணக்கு எழுதுவதோடு அந்த வருகை முடிந்துவிடாமல் இருக்க வேண்டும்.

நோயாளிகள் கேட்காமல் விடும் உரிமை ஒன்றும் இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் சிகிச்சை ஆவணங்களை டாக்டர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். நாமோ டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்தால் போதும் என்று கிளம்பிவிடுகிறோம். கேஸ் ஷீட் வேண்டும் என்றால், "எதுக்கு, கேஸ் போடப் போறீங்களா?" என்று முறைக்கும் இடங்கள் உண்டு. இன்னொரு டாக்டரிடம் காட்டத்தான் என்று சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம், விதியில் காரணம் கேட்கவில்லை. வாயால் கேட்காமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி.