வாய்வாழ் பாக்டீரியாக்களும் உடல்நலமும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் வாழ்முறையை முன்வைத்து

மனித வாயில் ஏறத்தாழ 700 வகைப் பாக்டீரியாக்கள் இனங்காணப்பட்டுள்ளன. 1683ஆம் ஆண்டில் டெல்ஃப்ட் நகரின் ஆண்டனி வான் லேவன்ஹூக், தம் பல்லிடுக்கில் படிந்த வெண்படிவை உருப்பெருக்கியில் நோக்கி, அதில் அசையும் சிற்றுயிர்களை விவரித்தார். அவர் ஒரு துணி வணிகர் என்பது, ஆடைத்தொழில் நகரொன்றை முன்வைத்த இக்கட்டுரைக்குப் பொருத்தமான செய்தியே.

இவ்வுயிர்களுள் பெரும்பாலானவை தீங்கற்றவை, சில இன்றியமையாதவை. கீரை, பீட்ரூட் போன்றவற்றிலுள்ள நைட்ரேட்டை நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாகிக் குருதிக்குழாய்களைத் தளர்த்துகிறது. கிருமிநீக்கும் வாய்க்கொப்பளிப்பு நீர்மங்களை மருத்துவர் அறிவுரையின்றி நாள்தோறும் பயன்படுத்துவது இந்த நன்மையைக் குறைக்கக்கூடும்.

தீங்கு, சமநிலை குலையுமிடத்தில் தொடங்குகிறது. 1924இல் கிளார்க் விவரித்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகிறது. பற்படலத்தின் அமிலகாரநிலை 5.5க்குக் கீழ் இறங்கும்போது பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதனை மீட்க அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை தேவைப்படும். எனவே உண்ணும் சர்க்கரையின் அளவைக் காட்டிலும் எத்தனை முறை உண்கிறோம் என்பதே முதன்மை பெறுகிறது. 1954இல் வெளியான சுவீடனின் விபேஹோல்ம் ஆய்வு இதனை உறுதிசெய்தது. மனவளர்ச்சி குன்றியோரின் ஒப்புதலின்றி அவர்களுக்கு இனிப்பூட்டி நிகழ்த்திய அவ்வாய்வின் அறப்பிழை மறக்கத்தக்கதன்று.

திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் பவர் டேபிள்களிலும் ‘ஒன்றரை ஷிப்ட்’ எனப்படும் 12 மணிநேர வேலை பழகிப்போன ஒன்று. இடையிடையே சர்க்கரை சேர்த்த தேநீரும் பன்னும் பசியாற்றுகின்றன. ஒவ்வொரு குவளையும் ஓர் அமிலப்பொழுது. அடுத்தடுத்து வந்தால் பல் மீளும் இடைவெளி சுருங்குகிறது. தையல் எந்திரத்தை விட்டெழத் தயங்கி நீர் குறைவாக அருந்துவோர்க்கு உமிழ்நீர்க் காப்பும் குறையும். ஊதியம் எண்ணிக்கைக்கேற்ப அமைகையில் இத்தயக்கம் இயல்பானதே. அதனைத் தொழிலாளரின் அசட்டை என்பது பொருந்தாது.

ஈறுநோய் இன்னும் அமைதியானது. பார்ஃபிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்றவை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட குழிகளில் பெருகி எலும்பைத் தேயச் செய்கின்றன. புகைப்போரின் ஈறு எளிதில் குருதி கசிவதில்லையாதலால் எச்சரிக்கை அறிகுறியே மறைந்துபோகிறது. நீரிழிவு ஈறுநோயைக் கடுமையாக்கும். ஈற்றழற்சி குருதிச் சர்க்கரையின் கட்டுப்பாட்டைக் குலைக்கும். பழுதுற்ற இதயத் தடுக்கிதழ் உடையோர்க்குக் குருதியில் கலக்கும் வாய்ப் பாக்டீரியா உட்சவ்வழற்சியையும் விளைவிக்கலாம்.

வலி தோன்றும்வரை மருத்துவரை நாடாமைக்கு ஒருநாள் ஊதிய இழப்பும் காரணமாகிறது. அதற்குள் பல்லைப் பிடுங்குவதே எஞ்சிய வழியாகிவிடுவதுண்டு. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர்க்கு இ.எஸ்.ஐ. திட்டம் உரியது. ஆயின் ஒப்பந்தக்காரரின்கீழ், பதிவேட்டில் பெயரின்றித் தைப்பவரிடம் அவ்வட்டை இராது.