முதல் வீடு வாங்கப் போகிறீர்களா? பகுதியை முதலில் கம்ப்யூட்டரில் சுற்றிப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. ரயில் டிக்கெட் எடுக்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம், வெளியூரில் இருக்கும் பேரனை வீடியோவில் பார்க்கிறோம். ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் செய்திடும் மிகப் பெரிய செலவான வீடு வாங்கும் விஷயத்தில் மட்டும், புரோக்கர் காட்டிய மூன்று வீடுகளில் ஒன்றைப் பிடித்துப்போய் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நானே அப்படித்தான் செய்ய இருந்தேன். கையில் இருந்தது என் சேமிப்பும், அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணமும். அந்தப் பணம் போனால் திரும்ப வராது என்ற பயத்தில்தான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மூன்று வார இறுதிகளில் நான் கற்றுக்கொண்டதை இங்கே தருகிறேன். உதாரணங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த சென்னைப் புறநகர்தான். மற்ற ஊர்க்காரர்களுக்கும் வழிமுறை இதுவே.

முதலில் உங்கள் எல்லை எது?

வீட்டு விளம்பரத் தளங்களுக்குள் உடனே நுழைந்துவிடாதீர்கள். அழகான படங்களைப் பார்த்த பிறகு பட்ஜெட் தானாக வளர்ந்துவிடும். முதலில் ஸ்பிரெட்ஷீட் புரோகிராம் ஒன்றைத் திறந்திடுங்கள். எக்ஸெல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் லிபரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது.

மாதத் தவணையைக் கணக்கிட இதில் பிஎம்டி என்ற பங்ஷன் உண்டு. ஒரு செல்லில் சமக்குறி இட்டு, பி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, அடைப்புக்குறிக்குள் மூன்று விவரங்களைத் தரவேண்டும். மாத வட்டி, மாதங்களின் எண்ணிக்கை, கடன் தொகை. 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்றால் அடைப்புக்குறிக்குள் வருவது (8.5%/12, 240, -4000000). இங்கே புதியவர்கள் பலர் ஒரு தவறு செய்வார்கள். 40,00,000 என்று நடுவில் காற்புள்ளி போட்டுவிடுவார்கள். பங்ஷனுக்குள் காற்புள்ளி என்பது ஒரு விவரம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதன் அடையாளம். எனவே எண்ணைத் தொடர்ச்சியாகவே தட்டவும். கால்க் புரோகிராம் காற்புள்ளியை ஏற்கவில்லை என்றால் அதற்குப் பதில் அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள். கடன் தொகைக்கு முன் கழித்தல் குறி போடாவிட்டால் விடை மைனஸில் வரும். பயப்பட வேண்டாம், கையை விட்டுப் போகும் பணம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, அவ்வளவுதான்.

விடை சுமார் 34,713 ரூபாய். வட்டியை 9.5 என்று மாற்றிப் பாருங்கள், 37,285 ஆகும். வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டி கொண்டவை என்பதால் இரண்டாவது எண்ணையும் உங்கள் குடும்பம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கையில் இருக்க வேண்டிய பணம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடன்களுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 50 லட்சம் வீடு என்றால் 10 லட்சம் நம்முடையது. பதிவுச் செலவு இதில் சேராது. தமிழ்நாட்டில் மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 50 லட்சத்துக்கு நான்கரை லட்சம். முதன்முறை விற்கப்படும் புதிய அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம்தான். இந்த ஒரு வரியை அறியாமல் எங்கள் கணக்கில் ஒன்றரை லட்சம் தவறாக இருந்தது.

868 ரூபாய் கணக்கு

இப்போது நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன வட்டியிலும் ஆண்டுகளிலும், ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். இந்த எண்ணைத் தனியே ஒரு செல்லில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தூரமான பகுதி மலிவா, அருகில் உள்ள பகுதி மலிவா என்பதை இதுதான் சொல்லும்.

ஊருக்கு வெளியே இருக்கும் வீட்டுக்குக் கடன் 10 லட்சம் குறைவாக வாங்கினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,680 ரூபாய் மிச்சம். இப்போது மறுபக்கத்தை எழுதுங்கள். ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, இரண்டாவது இருசக்கர வாகனத்துக்குப் பெட்ரோல், ரயில் போன பிறகு இரவில் எடுக்கும் வாடகைக் கார், பள்ளி வேன், கோடையில் தண்ணீர் லாரி. எங்கள் வீட்டுக் கணக்கில் இவை எல்லாம் சேர்ந்து 8,200 ரூபாய் வந்தது. மிச்சம் 480 ரூபாய். அதற்கு நான் தர வேண்டிய விலை தினமும் கூடுதலாக இரண்டு மணி நேரப் பயணம்!

வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு இதே கணக்கு தலைகீழாக வரும். அவருக்குத் தூரத்து வீடு உண்மையிலேயே மலிவு. அதனால்தான் நண்பர் சொன்னார், மைத்துனர் வாங்கினார் என்று பகுதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறேன். தண்ணீர் லாரிச் செலவை விட்டுவிடாதீர்கள். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்புகள் பல லாரியை நம்பியே இருந்தன.

பத்து நிமிடத் தூரம்!

விளம்பரங்களில் எல்லா இடங்களும் எல்லா இடங்களிலிருந்தும் பத்து நிமிடத்தில் இருக்கும். இதைச் சரிபார்க்க கூகுள் மேப்ஸ் தளத்தில் வழிகாட்டும் பகுதிக்குச் சென்று, வீட்டுத் தெருவையும் அலுவலகத்தையும் கொடுக்கவும். நேராக விடை காட்டும். அது இந்த நிமிடத்துக்கான விடை. ஞாயிறு மதியம் உட்கார்ந்து பார்த்தால் சாலை காலியாகத்தான் இருக்கும். "இப்போது புறப்படு" என்ற பொருளில் உள்ள பட்டியலைக் கிளிக் செய்து, திங்கட்கிழமை காலை 8.30 மணி என்று அமைத்திடுங்கள். "40 நிமிடம் முதல் 1 மணி 20 நிமிடம் வரை" என்பது போல ஒரு வரம்பு கிடைக்கும். பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 6.30க்குத் திரும்பி வருவதையும் பாருங்கள்.

ரயில் பாதையை ஒட்டிய பகுதி என்றால் மேப் மட்டும் போதாது, கால அட்டவணையும் வேண்டும். கடற்கரை - செங்கல்பட்டு மார்க்கத்தில் பல ரயில்கள் தாம்பரத்துடன் நின்றுவிடும். மேப்பில் ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும் தாம்பரத்துக்கு அடுத்துதான் இருக்கின்றன. நடைமேடையில் காத்திருக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

"மெட்ரோ வருது சார்" என்பதற்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டிக்கும் பணி 2008இல் தொடங்கியது. தூரம் 5 கிலோமீட்டர்தான். நில வழக்குகளால் அது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. மாறாக கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டுவிட்டது. அது இருக்கிறது, அதை நம்பிக் கணக்குப் போடலாம்.

பழைய படத்தைப் பாருங்கள்

தாம்பரத்துக்கு மேற்கே ஒரு வீடு எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. விலை நம் எல்லைக்குள். அகலமான தெரு, எதிரே பெரிய காலி மைதானம். "இங்கே தண்ணியே நிக்காது சார்" என்று விற்பவர் சத்தியம் செய்யாத குறைதான். மறுநாள் முன்பணம் இரண்டு லட்சம் கொடுப்பதாகப் பேச்சு.

அன்று இரவு கூகுள் எர்த் புரோ புரோகிராமைத் திறந்தேன். முன்பு பணம் கட்டி வாங்க வேண்டியிருந்த இது 2015 முதல் இலவசம். இதன் மேல் பகுதியில் கடிகாரம் போன்ற ஒரு ஐகான் இருக்கும். அதில் கிளிக் செய்தால் ஒரு நழுவு பட்டை தோன்றும். அதை மவுஸால் இடப்பக்கம் இழுத்தால் அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும். சென்னையின் பல பகுதிகளுக்கு 2000க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் வரை பின்னால் போகலாம்.

பட்டையை இழுத்துக்கொண்டே இருந்தேன். ஏப்ரல், மே மாதப் படங்களில் ஒன்றும் இல்லை, பழுப்பு நிற நிலம். மழைக்குப் பின் எடுத்த ஒரு ஜனவரிப் படத்தில் நின்றேன். பின்னால் நின்றிருந்த அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "என்னடா இது, நம்ம மைதானம் குளமாட்டம் இருக்கு?"

குளம்தான். எங்கள் தெருவின் பாதியும் அதற்குள் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது மாதம். கோடையில் எடுத்த படத்தில் ஏரியும் கிரிக்கெட் மைதானம் போலத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். எனவே டிசம்பர், ஜனவரி படங்களையே தேடிப் பார்க்கவும். எர்த் புரோகிராமில் மவுஸ் நிற்கும் இடத்தின் உயரம் கீழே தெரியும். தெரு, பிரதான சாலை, ஏரிக்கரை மூன்றையும் ஒப்பிடலாம். ஆனால் இந்த உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கக்கூடும், இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து யூடியூபில் தெருவின் அல்லது நகரின் பெயருடன் "வெள்ளம் 2015" என்றும் "வெள்ளம் 2023" என்றும் தட்டித் தேடுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் நின்றது. அந்த நாட்களில் மக்கள் மொட்டை மாடியிலிருந்து எடுத்துப் போட்ட வீடியோக்கள் இன்னும் இருக்கின்றன. ஒரே பகுதியில் ஒரு தெரு மூழ்கியிருக்கும், பக்கத்துத் தெரு காய்ந்திருக்கும். எனவே முழுப் பகுதியையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தெருவைப் பாருங்கள். ஊர்ப் பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள். தாங்கல், ஏந்தல் என்று முடிந்தால் நம் முன்னோர் அங்கே நீர்நிலை இருந்ததைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அரசுத் தளங்கள்

பத்திரப் பதிவுத் துறையின் இணைய தளத்தில் தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வழிகாட்டி மதிப்பினைப் பார்க்கலாம். சந்தை விலை வேறாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பகுதிகளை ஒப்பிட உதவும். அதே தளத்தில் வில்லங்கச் சான்றினைத் தேடிப் பார்த்து பிடிஎப் பைலாக இறக்கிக்கொள்ளலாம். இதில் பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே வரும். பதிவு செய்யாமல் பத்திரத்தை அடகு வைத்திருந்தால் இதில் தெரியாது. அசல் பத்திரத்தைக் கேட்பது அதனால்தான்.

வருவாய்த் துறையின் இ-சேவைகள் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, சிட்டா கிடைக்கும். அ-பதிவேட்டையும் பாருங்கள். நிலம் புறம்போக்கா, நீர்நிலையா என்பது அங்கே இருக்கும். எங்கள் மைதானத்தின் சர்வே எண்ணைக் கொடுத்தோம். நீர்நிலைப் புறம்போக்கு என்றே வந்தது.

புதிய அடுக்குமாடி என்றால், எட்டு வீடுகளுக்கு மேலோ 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ உள்ள திட்டம் ரெரா சட்டத்தின்படி பதிவாகியிருக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் கொடுத்து, முடிக்க வேண்டிய தேதியைப் பார்க்கவும். சதுர அடி என்று சொன்னால் எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். சுவருக்குள் நீங்கள் புழங்கும் கார்ப்பெட் பரப்பும், விளம்பரத்தில் வரும் பரப்பும் ஒன்றல்ல.

இந்தத் தளங்களைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் உண்டு. அட்ரஸ் பாரில் முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே மொபைல் எண்ணைத் தரவும். "இந்த லிங்கில் டோக்கன் கட்டினால் வீடு உங்களுக்கு" என்று வாட்ஸ்அப்பில் வரும் எதற்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

இறக்கிய பைல்களை எல்லாம் பகுதியின் பெயரில் தனித்தனி போல்டரில் வைத்திடுங்கள். வக்கீலிடம் போகும்போது பிரிண்ட் எடுத்துச் சென்றால் அவர் வேலை பாதியாகும். வக்கீல் அவசியம் வேண்டும், கம்ப்யூட்டர் அவருக்கு மாற்று அல்ல. கடன் தரும் வங்கியும் சட்டப்படி பத்திரங்களைச் சரிபார்க்கும். ஆனால் மழையில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் முன்பணம் கொடுக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஓர் அறை குறைவான வீடு கிடைத்தது. அப்பா இப்போதும் மழை நாட்களில் எர்த் புரோகிராமைத் திறந்து, தெரிந்தவர்களின் வீடுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.