கைநாட்டுக்கு முன் கேள்வி
குடும்பத் திட்டமும் தாய்மாரின் சம்மதமும்

தோட்டப்புறங்களில் ‘குடும்பத் திட்டம்’ என்னும் சொல் புதியதன்று. ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய மூதாட்டிகளைக் கேட்டால், மருந்தகத்தில் கிடைத்த மாத்திரை அட்டைகளைப் பற்றி இன்றும் சொல்லக்கூடும். பிள்ளைகளை இடைவெளிவிட்டுப் பெறுவதால் தாயின் உடல் தேறும். குழந்தையும் நன்கு வளரும். இவை மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மைகள். ஆனால், பிள்ளை பெறுவதையும் நிறுத்துவதையும் முடிவு செய்பவர் யார் என்னும் கேள்வி அதனினும் பெரிது. அரசாங்கமா, மருத்துவரா, கணவரா, அல்லது அந்த உடலுக்குரிய பெண்ணா? இதனைத் தெளிவாக அறிந்துகொள்வது ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்திற்கும் இன்றியமையாதது.

நம் நாட்டில் அரசாங்கத்தின் பங்கு

மலாயாவின் முதல் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் சிலாங்கூரில் தோன்றியது. பல மாநிலச் சங்கங்கள் 1958இல் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. அரசாங்கம் 1966இல் சட்டம் இயற்றித் தேசியக் குடும்பத் திட்ட வாரியத்தை அமைத்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஆண்டுக்கு 3 விழுக்காடு என்னும் அளவில் பெருகிவந்தது. அதனை 1985க்குள் 2 விழுக்காடாகக் குறைப்பதே வாரியத்தின் குறிக்கோள்.

அந்தக் காலக்கெடு முடியுமுன்னரே கொள்கை திசை திரும்பியது. 2100ஆம் ஆண்டளவில் மலேசியாவில் 7 கோடி மக்கள் இருக்கவேண்டும் என்னும் புதிய மக்கள்தொகைக் கொள்கை 1984இல் அறிவிக்கப்பட்டது. வாரியத்தின் பெயரும் அவ்வாண்டில் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என மாறிற்று. ஆக, 1960களில் குறைவாகப் பெறுமாறு அறிவுரை கேட்ட தாயின் மகள், 1980களில் கூடுதலாகப் பெறுமாறு அறிவுரை கேட்டாள்.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்டின் தேவை மாறும்போது திட்டங்களும் மாறுவது இயல்பே. மலேசியாவில் மக்களை வற்புறுத்தி அறுவை செய்யும் இயக்கம் நடைபெறவில்லை. பெரும்பாலும் மாத்திரையே வழங்கப்பட்டது. எனினும் ஒன்றை நாம் மனத்தில் இருத்தவேண்டும். திட்டம் மாறும், உடலோ ஒன்றுதான். ஒரு காலத்தின் கொள்கையை நம்பிச் செய்துகொண்ட நிரந்தர அறுவையை, கொள்கை மாறியதும் அவிழ்த்துவிட முடியாது. ஆகவே, அரசாங்கத்தின் கடமை வசதியும் விளக்கமும் தருவது. முடிவு செய்வது குடும்பத்தின் உரிமை. பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் சுதந்திரமாக முடிவு செய்வது பெற்றோரின் அடிப்படை உரிமை என்று 1968இல் தெஹ்ரானில் கூடிய ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மாநாடு அறிவித்தது.

எண்ணிக்கை இலக்கானால் என்ன நேரும்?

இந்தியா 1952இலேயே அரசாங்கக் குடும்பத் திட்டத்தைத் தொடங்கியது. நெருக்கடி நிலைக் காலத்தில் அத்திட்டம் எல்லை மீறியது. 1976 ஏப்ரல் முதல் 1977 மார்ச் வரையிலான ஓராண்டில் மட்டும் 82 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். அதிகாரிகளுக்கு ‘இத்தனை பேர்’ என்று இலக்கு விதிக்கப்பட்டதே இதற்குக் காரணம். ஏழைகளும் எழுத்தறியாதவர்களுமே மிகுதியாக அகப்பட்டுக்கொண்டனர். 1977 தேர்தலில் அந்த அரசாங்கம் வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. அதன்பின் அறுவையின் சுமை ஆண்களைவிட்டுப் பெண்களின்மேல் இறங்கியது.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாம் ஒன்றில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அம்முகாமிலும் அதையொட்டி நடந்த முகாம்களிலும் அறுவை செய்துகொண்ட பெண்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கருத்தடை அறுவை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது.

நம்மைப் போன்ற தோட்ட மக்கள் வாழும் இலங்கை மலையகத்தின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 1980 முதல் அங்கே கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்குப் பணம் வழங்கப்பட்டது. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு அத்தொகை சிறியதன்று. தேயிலைத் தோட்டப் பெண்களிடையே நிரந்தர அறுவை மிகுதியாயிற்று. பசித்தவர் முன் பணத்தை வைத்துவிட்டு, ‘விருப்பமா?’ என்று கேட்பது முழுமையான கேள்வியாகுமா? 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய ஊர்களில், போதிய விளக்கமின்றித் தாய்மாரின் கையில் கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டன என்னும் புகாரும் எழுந்தது.

கையெழுத்து வேறு, சம்மதம் வேறு

பாரத்தில் கையெழுத்து இருந்தால் சம்மதம் கிடைத்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. ஸ்லோவாக்கியா நாட்டில் ரோமா இனப் பெண் ஒருவர், 2000ஆம் ஆண்டில் பிரசவ வேதனையில் இருந்தபோது, கருத்தடை அறுவைக்கான தாளில் கையெழுத்திட்டார். அது உண்மையான சம்மதமன்று என்றும், அவருடைய உரிமை மீறப்பட்டது என்றும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலோ, ஸ்பானிய மொழி பேசும் தாய்மாரிடம் ஆங்கிலப் பாரங்களில் கையெழுத்து வாங்கப்பட்டது. அவர்கள் தொடுத்த வழக்கு 1978இல் தோற்றது. ஆயினும், அத்தகைய தாய்மாரின் குரல் வீணாகவில்லை. சம்மதம் தந்த பின் 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் அந்நாட்டில் வந்தன.

பிறர் தரும் சம்மதமும் போதாது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, அவருடைய தாயாரின் ஒப்புதலை மட்டும் பெற்று அகற்றியது செல்லாது என 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. கணவரோடு கலந்து பேசுவது நல்லது. ஆனால் கணவரின் கையெழுத்து மனைவியின் மனத்திற்கு ஈடாகாது.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியே நிற்கிறது. 1982இல் சாலை விபத்தில் கழுத்தெலும்பு விலகிய ஒரு பெண், அறுவைக்குப் பின் முடமானார். அறுவையின் அபாயத்தை முன்கூட்டியே அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்னும் கோட்பாட்டை, அவ்வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. இக்கோட்பாடு எலும்பு அறுவைக்கு மட்டுமன்று, கருத்தடை அறுவைக்கும் பொருந்தும்.

புது மரத்தில் கத்தி வைக்குமுன் அதன் சுற்றளவை அளந்து, குறியிட்டு, ஏற்றதா எனப் பார்க்கிறோம். வெட்டிய பட்டையேனும் மீண்டும் வளரும். நிரந்தர அறுவையோ அத்தகையதன்று. மரத்திற்குக் காட்டும் நிதானத்தை நம் உடலுக்குக் காட்டவேண்டாமா?

முறைகளை அறிந்துகொள்வோம்

மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசியை நிறுத்திய பின், மீண்டும் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். கருப்பைக்குள் வைக்கும் சாதனமும் கைத்தோலின் அடியில் வைக்கும் குச்சியும் சில ஆண்டுகள் பயன்தரும். வேண்டாதபோது பயிற்சி பெற்றவரைக் கொண்டு எடுத்துவிடலாம். கருக்குழாய்களைக் கட்டும் அறுவை நிரந்தரமானது. ஆண்களுக்கான அறுவை அதைவிட எளியது, ஆபத்தும் குறைவு. ஆயினும் அது பலன் தர ஏறத்தாழ மூன்று மாதமாகும். குடும்பத் திட்டம் பெண்ணின் சுமை மட்டுமன்று என்பதை ஆடவர்கள் உணரவேண்டும்.

வேலை போய்விடும் என்னும் அச்சமும் ஒருவகை வற்புறுத்தலே. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாளாகும். கடுமையான ஒழுங்கீனம், நிறுவனம் மூடப்படுதல் போன்ற காரணங்களுக்காக அன்றி, கருவுற்ற பெண்ணை வேலையினின்று நீக்கமுடியாது. உயிரோடுள்ள பிள்ளைகள் ஐவர் இருப்பின் மகப்பேற்று அலவன்ஸ் கிடைப்பதில்லை என்பதையும் அறிந்திருப்பது நலம்.

சுகாதார நிலையத்திற்குச் செல்லும் தாய்மார்கள் பின்வரும் கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும்:

1. இந்த முறையின் பெயர் என்ன? என் உடலில் என்ன செய்யப் போகிறீர்கள்?
2. இது தற்காலிகமா, நிரந்தரமா?
3. பக்க விளைவுகள் யாவை? எந்த அறிகுறி கண்டால் உடனே வரவேண்டும்?
4. இதற்குப் பதிலாக வேறு என்ன முறைகள் உள்ளன?
5. நான் வேண்டாமென்று சொன்னால், எனக்கும் என் குழந்தைக்கும் கிடைக்கும் மற்றச் சிகிச்சை குறையுமா?

ஐந்தாம் கேள்விக்கு ‘குறையாது’ என்பதே சரியான பதில். மலாய்ப் பாரம் விளங்காவிடில், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அங்கே தமிழறிந்தவர் இல்லையெனில், நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பிரசவ வேதனையிலோ மயக்கத்திலோ அவசரத்திலோ நிரந்தர முடிவு எதற்கும் இணங்காதீர்கள்; அதனைக் கருவுற்ற காலத்திலேயே, நிதானமாகப் பேசி வையுங்கள். சம்மதித்த பின்னும், அறுவை தொடங்குமுன் மனம் மாறினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல மருத்துவரும் நல்ல தாதியும் விளங்கிக்கொண்ட நோயாளியையே விரும்புவர். கைநாட்டு வைப்பதற்கு ஒரு நொடி போதும். அதன் பயனை வாழ்நாள் முழுதும் சுமப்பவர் நீங்கள். ஆதலால் முதலில் கேளுங்கள், விளங்கிக்கொள்ளுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.